பம்பிங் 28 சதவீதம்: அப்பாவின் மாத்திரைகளைப் பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு 62 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு நள்ளிரவில் மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆறு நாள் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பினார். டிஸ்சார்ஜ் தாளில் இதயச் செயலிழப்பு என்று எழுதியிருக்கிறது, எக்கோ என்ற இதய ஸ்கேனில் பம்பிங் 28 சதவீதம். மாத்திரை வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் ஒன்றைக் காட்டி, “இது சர்க்கரை மாத்திரை, அப்பாவுக்குத்தான் சர்க்கரை இல்லையே” என்றிருக்கிறார். “மேல் பிரஷரே 100தான் இருக்கிறது, இதில் பிரஷர் மாத்திரை எதற்கு” என்று சித்தப்பா கேட்டிருக்கிறார். புதிதாக என்ன சிகிச்சை வந்திருக்கிறது, பம்பிங் கூடினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா, பழனிக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, போகலாமா என்பவை மற்ற கேள்விகள்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்பாவை நேரில் பார்க்காமல் மாத்திரையின் அளவைச் சொல்ல மாட்டேன். அதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தாளில் இருக்கும் ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, ஏன் ஒன்றாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் அந்த 28. இதைப் பரீட்சை மார்க் போல எடுத்துக்கொண்டு, 100க்கு 28 வாங்கி இதயம் ஃபெயிலாகிவிட்டது என்று அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல இதயம்கூட ஒரு துடிப்பில் தன்னிடம் உள்ள இரத்தம் முழுவதையும் வெளியே தள்ளுவதில்லை. 55 முதல் 70 சதவீதம் தள்ளினாலே அது முழு ஆரோக்கியம். ஆகவே 28 என்பது ஏறக்குறைய பாதி வேலை. இதயம் நின்றுவிடவில்லை, அதன் சக்தி குறைந்திருக்கிறது. மாரடைப்பில் செத்துப்போன தசை இனி சுருங்காது. மிச்சமுள்ள தசைதான் முழுப் பாரத்தையும் இழுக்கிறது.

நோய் அதோடு நின்றால் பரவாயில்லை. இதயத்திலிருந்து இரத்தம் குறைவாக வருவதைப் பார்த்த சிறுநீரகம், உடம்பில் எங்கோ இரத்தப்போக்கு என்று நினைத்துக்கொள்கிறது. உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. நரம்பு மண்டலம் அட்ரினலினைக் கொட்டி இதயத்தை வேகமாக ஓட்டுகிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. முதல் சில நாட்களுக்கு இதெல்லாம் உதவிதான். கந்துவட்டிக் கடனும் வாங்கிய அன்று உதவியாகத்தான் தெரியும். பிறகு வட்டி ஏறுகிறது: நுரையீரலில் நீர் கோக்கிறது, கால் வீங்குகிறது, இருக்கிற தசையும் தளர்ந்து விரிகிறது. அப்பாவின் நான்கு முக்கிய மாத்திரைகளும் (பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன், சாகுபிட்ரில்-வால்சார்ட்டன், டாபாகிளிஃப்ளோசின்) இந்தக் கடன்காரர்களின் கடைகளை ஒவ்வொன்றாக மூட வந்தவை.

இந்த நோய்க்கு முற்காலத்தில் என்ன மருந்து இருந்தது? 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர், நீர் கோத்து வீங்கியவர்களுக்கு ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலையைக் கொடுத்துப் பார்த்ததை எழுதி வைத்தார். அதிலிருந்து வந்ததுதான் டிஜாக்சின் குடும்பம். சுமார் இருநூறு ஆண்டுகள் அதுவும், பிறகு வந்த நீர் மாத்திரையும்தான் கையில் இருந்த ஆயுதங்கள். டிஜாக்சினை முறையாகச் சோதித்து 1997இல் முடிவு வெளியிட்டபோது, மருத்துவமனைக்கு வருவது குறைந்தது, ஆனால் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது.

ஆயுளைக் கூட்டிய முதல் பெரிய கதவு ஒரு பாம்பின் விஷத்திலிருந்து திறந்தது. பிரேசிலின் ஜராராக்கா விரியன் கடித்தவர்களுக்கு இரத்த அழுத்தம் சரிந்துவிடும். அந்த விஷத்தில் உள்ள பொருளைப் பின்பற்றி உருவானதுதான் இறுகிய இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் கேப்டோப்ரில் மாத்திரை. அதே வகையைச் சேர்ந்த எனலாப்ரிலை, மிகவும் முற்றிய இதயச் செயலிழப்பு உள்ள 253 பேரிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் சோதித்தார்கள். 1987இல் வெளியான முடிவின்படி, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஆறு மாதத்தில் 44 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். எனலாப்ரில் எடுத்தவர்களில் 26 சதவீதம்.

பீட்டா பிளாக்கரின் கதை இதைவிட எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் என் ஆசிரியர்களும் நானும் தவறு செய்தவர்கள் பக்கத்தில் இருந்தோம். இதயத் துடிப்பைக் குறைத்து, சுருங்கும் வேகத்தையும் அடக்கும் மருந்து அது. பலவீனமான இதயத்துக்கு அதைக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்றுதான் படித்தோம். தேர்வில் அப்படி எழுதித்தான் மார்க் வாங்கினோம். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைன் என்பவர் 1975லேயே ஏழு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, அவர்கள் தேறியதை எழுதியிருந்தார். பெரும்பாலோர் நம்பவில்லை. 1999இல் பைசோப்ரோலால், மெட்டோப்ரோலால் என்ற இரண்டு பீட்டா பிளாக்கர்களை ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்த இரண்டு ஆய்வுகள் வந்தன. இரண்டிலும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அட்ரினலின் விரட்டுவதை நிறுத்தினால் இதயம் ஓய்ந்து, மெல்ல மெல்லத் தன் வடிவத்துக்குத் திரும்புகிறது. முதல் இரண்டு வாரம் சோர்வாக இருக்கும். அப்பா “இந்த மாத்திரை போட்டதிலிருந்து கை கால் ஓடவில்லை” என்று சொன்னால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது இதற்காகத்தான்.

அதே 1999இல் ஸ்பைரனோலாக்டோனும் தன்னை நிரூபித்தது. 1663 பேரிடம் நடந்த ஆய்வில் மரணம் 30 சதவீதம் குறைந்தது. உங்கள் தாளில் 25 மில்லிகிராம் என்று இருப்பது அதுதான். நீர் மாத்திரை என்று பெயரெடுத்திருந்தாலும், இந்த அளவில் அதன் முக்கிய வேலை நீரிறக்குவதல்ல. தசையில் தழும்பு ஏற்படுத்தும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தடுப்பதுதான்.

தாளில் இரட்டைப் பெயரோடு இருக்கும் சாகுபிட்ரில்-வால்சார்ட்டன் 2015இல் வந்தது. இதயம் விரியும்போது அதுவே உப்பை வெளியேற்றும் ஒரு நல்ல ஹார்மோனைச் சுரக்கிறது. உடம்பில் உள்ள ஒரு நொதி அதை உடனே அரித்துவிடுகிறது. சாகுபிட்ரில் அந்த நொதியின் வாயைக் கட்டுகிறது. 8442 பேரிடம் எனலாப்ரிலோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில், இதயநோய் மரணமும் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதும் சேர்த்து 20 சதவீதம் குறைந்தன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வீட்டில் பழைய எனலாப்ரில் அல்லது ராமிப்ரில் அட்டை மிச்சமிருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் நாக்கும் தொண்டையும் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற 36 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

இப்போது கடைக்காரருக்குப் பதில். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரை மாத்திரையாகப் பிறந்தது உண்மை. இதன் மூதாதை ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின். சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சுவதைத் தடுத்து, சிறுநீரில் போக விடுவதுதான் வேலை. 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, புதிய சர்க்கரை மருந்துகள் இதயத்துக்குக் கெடுதல் செய்யாது என்று நிரூபிக்கச் சொன்னது. கெடுதல் இல்லை என்று காட்டப் போன இடத்தில் புதையல் கிடைத்தது. 2015இல் அதே வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வில் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது 35 சதவீதம் குறைந்திருந்தது. அப்படியானால் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் கொடுத்துப் பார்க்கலாமே என்று 4744 பேரிடம் டாபாகிளிஃப்ளோசினைச் சோதித்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. 2019இல் வந்த முடிவு: நோய் முற்றுவதும் இதயநோய் மரணமும் சேர்த்து 26 சதவீதம் குறைவு, சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும். எப்படி என்பதில் அறிஞர்களிடையே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அப்பா அதைத் தொடரட்டும். சர்க்கரை இல்லாதவருக்கு இதனால் மட்டும் சர்க்கரை தாழ்ந்துபோவது மிக அரிது. பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம், சுத்தமாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம். வாந்தி பேதியானாலோ, முழு நாள் விரதம் இருக்க நினைத்தாலோ, அறுவை சிகிச்சை இருந்தாலோ சில நாட்கள் நிறுத்த வேண்டியிருக்கும், கேட்டுச் செய்யுங்கள். விலையும் இறங்கியிருக்கிறது. டாபாகிளிஃப்ளோசினுக்குப் பல நிறுவனங்களின் மலிவு மாத்திரைகள் உண்டு, 2025 மார்ச்சில் இந்தியாவில் காப்புரிமை முடிந்ததிலிருந்து எம்பாகிளிஃப்ளோசினும் அப்படித்தான்.

ஐந்தாவதாக இருக்கும் டார்செமைடுதான் உண்மையான நீர் மாத்திரை. மூச்சைக் காப்பது அது, ஆயுளைக் கூட்டுவதாக நிரூபணம் இல்லை. அதனால் நீர் வடிந்ததும் மருத்துவர் முதலில் குறைப்பது அதைத்தான். சித்தப்பாவின் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. அப்பா இந்த மாத்திரைகளைப் போடுவது பிரஷருக்காக இல்லை. மேல் பிரஷர் 100 இருந்து, எழுந்து நிற்கும்போது தலை சுற்றாமல், சிறுநீர் ஒழுங்காகப் போனால் அந்த எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். தலை சுற்றினால் முதலில் பார்க்க வேண்டியது நீர் மாத்திரை அதிகமாகிவிட்டதா, எல்லா மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்குகிறாரா என்பதை.

புதிய சிகிச்சை என்ன என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால், கடந்த பத்தாண்டில் நடந்த பெரிய விஷயம் இந்த நான்கையும் ஒன்றாக, சீக்கிரமாகக் கொடுக்கலாம் என்று தெரிந்ததுதான். நாங்கள் ஒன்றைத் தொடங்கி, மூன்று மாதம் கழித்து அடுத்ததைச் சேர்த்து, ஓர் ஆண்டில் மூன்றாவதுக்கு வருவோம். அதற்குள் பல படுக்கைகளில் ஆள் மாறியிருக்கும். 2022இல் வெளியான ஸ்ட்ராங் ஆய்வில் 1078 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம் போலச் சிகிச்சை. மறு பாதிக்கு வீடு திரும்பிய இரண்டு வாரத்துக்குள் மாத்திரைகளை முழு அளவுக்கு ஏற்றி, அடிக்கடி வரவழைத்து இரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஆறு மாதத்தில் மரணம் அல்லது மறுபடி மருத்துவமனை என்பது வழக்கமான பிரிவில் 23.3 சதவீதம், வேகப் பிரிவில் 15.2. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 55 வயதுக்காரர் ஒருவர் பழைய முறையில் இரண்டு மருந்தோடு நிற்பதற்கும் நான்கையும் எடுப்பதற்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆயுள் கூடும் என்று 2020இல் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள்.

நம் நாட்டு நிலவரம் இதற்கு எதிராகத்தான் இருக்கிறது. 53 மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த தேசியப் பதிவேட்டில் சராசரி வயது 60. மேலை நாடுகளில் இந்த நோய் பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் வருகிறது. பம்பிங் குறைந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட உரிய மருந்துக் கூட்டு முழுதாகக் கிடைக்கவில்லை. 90 நாட்களுக்குள் 14 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆகவே அடுத்த முறை போகும்போது “நாலு மாத்திரையும் இருக்கிறதா, எப்போது அளவைக் கூட்டப்போகிறீர்கள்” என்று கேளுங்கள். நல்ல மருத்துவருக்குக் கோபம் வராது.

வேகமாக ஏற்றினால் இரத்தத்தில் பொட்டாசியத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் அதே வேகத்தில் பார்க்க வேண்டும். ஸ்பைரனோலாக்டோனும் சாகுபிட்ரில்-வால்சார்ட்டனும் பொட்டாசியத்தை ஏற்றும். பொட்டாசியம் மிஞ்சினால் இதயம் தாளம் தப்பும். இங்கேதான் நம் வீட்டு அக்கறை வில்லனாகிறது. உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினம் இரண்டு இளநீர் கொடுப்பார்கள். இளநீர் பொட்டாசியச் சுரங்கம். கடையில் குறைந்த சோடியம் உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், அதுவும் அப்பாவுக்கு வேண்டாம். இந்துப்பு நல்லது என்று யாராவது சொன்னால், அதுவும் சோடியம் உப்புதான் என்று சொல்லிவிடுங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வாங்கிப் போடுவதை அடியோடு நிறுத்த வேண்டும். அவை நீரைப் பிடித்து வைத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமால் போதும்.

உப்பில் எவ்வளவு கெடுபிடி தேவை? சோடியத்தை நாளுக்கு 1.5 கிராமுக்குக் கீழே இறக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று 2022இல் வந்தது. மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ குறிப்பிடும்படி குறையவில்லை. அதனால் உப்பே இல்லாத கஞ்சியை வைத்து அவரைப் பட்டினி போட வேண்டாம், சாப்பாடு வெறுத்து மெலிந்தால் அது வேறு ஆபத்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், வடகம் இந்த ஐந்தும் தட்டில் இல்லாவிட்டால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் நாட்காட்டித் தாளைக் கிழிப்பதற்கு முன் அதன் மூலையில் அன்றைய எடையை எழுதுவார். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன், அதே லுங்கியோடு. கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் மாட்டிக் கொண்டுவருவார். ஒருமுறை 61.2, 61.4, 62.6, 63.5 என்று இருந்தது. “மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது, டாக்டர், ஆனால் மீட்டர் ஏறுகிறது” என்றார். தாடை எலும்புக்குக் கீழே கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. உறவினர் கல்யாணத்தில் மூன்று நாள் பந்தி. நீர் மாத்திரையை நான்கு நாள் கூட்டிக் கொடுத்தோம், வெளிநோயாளியாகவே முடிந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் இரவு ஆம்புலன்ஸில்தான் வந்திருப்பார். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, மூச்சு வாங்காமல் படுக்க ஒரு தலையணை இரண்டாகி மூன்றானாலோ காத்திருக்க வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. அப்பாவின் இரத்தத்தில் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற இரும்புச் சத்துப் பரிசோதனைகளைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சத்து குறைவாக இருக்கலாம். அப்படியிருந்தால் நரம்பு வழியே ஏற்றும் இரும்பு ஊசி நடக்கும் தெம்பைக் கூட்டுகிறது. இரும்பு மாத்திரை இந்த நோயில் பலன் தரவில்லை. மூன்று மாதம் முழு அளவில் மருந்து எடுத்த பிறகும் பம்பிங் 35க்கு மேல் ஏறாவிட்டால், திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவியைப் பற்றிப் பேசுவார்கள். ஈ.சி.ஜி.யில் இடப்பக்க மின்தடை இருந்தால் இரு கீழறைகளையும் ஒன்றாகத் துடிக்க வைக்கும் சி.ஆர்.டி. கருவி சிலருக்கு நல்ல பலன் தரும். வால்வு கசிவு மிகுந்த சிலருக்கு மார்பைத் திறக்காமல் தொடை இரத்தக் குழாய் வழியே போய் கிளிப் மாட்டுகிறார்கள். எல்லாம் கைவிட்ட பின் செயற்கைப் பம்ப்போ மாற்று இதயமோ. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை அரசே வரிசைப்படுத்தி வழங்கும் ஏற்பாடு 2008 முதல் நடக்கிறது. உங்கள் அப்பாவின் நோய் அந்தக் கட்டத்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது.

பம்பிங் 50க்கு மேல் இருந்தும் மூச்சு வாங்கும் இன்னொரு வகை உண்டு. பருமன், பிரஷர், சர்க்கரை உள்ள பெண்களிடம் அதிகம். வெகு காலம் அதற்கு மருந்தே இல்லை என்று கைவிரித்துக்கொண்டிருந்தோம். 2021 முதல் எம்பாகிளிஃப்ளோசினும் டாபாகிளிஃப்ளோசினும், 2024இல் ஃபினரினோன் என்ற மாத்திரையும் பலன் காட்டின. உடல் பருமனோடு வருபவர்களுக்கு எடை குறைக்கும் செமாகுளூடைடு ஊசியும் உதவுகிறது. உங்கள் அம்மாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கேள்வியின் நடுவே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். “வயசாகிவிட்டது” என்று விடாமல் அவருக்கும் ஓர் எக்கோவும் இதயம் திணறுகிறதா என்று காட்டும் என்டி-புரோபிஎன்பி என்ற இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

பம்பிங் கூடினால் நிறுத்தலாமா? 28 இருந்தவருக்கு ஆறு மாதத்தில் 45 ஆவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த எக்கோ தாளோடு இனிப்பு வாங்கி வருவார்கள், அடுத்த வாரமே மாத்திரையைப் பாதியாக்குவார்கள். இதை லண்டனில் முறையாகச் சோதித்தார்கள். இதயத் தசை நோயிலிருந்து தேறி, பம்பிங் சரியாகிவிட்ட 51 பேரில் ஒரு பிரிவினருக்கு மருத்துவர் கண்காணிப்பிலேயே மாத்திரைகளை மெல்ல நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பிவிட்டது. தொடர்ந்து எடுத்த பிரிவில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அவர்கள் மாரடைப்பே வராதவர்கள். அப்பாவுக்குத் தழும்பே இருக்கிறது. நீர் மாத்திரை ஒருவேளை நிற்கும். மற்ற நான்கும் நிற்காது.

பழனிக்குப் போகலாம், இப்போது வேண்டாம். மருந்தெல்லாம் உரிய அளவுக்கு ஏறி, எடை ஒரே இடத்தில் நின்று, சமதளத்தில் அரை மணி நேரம் பேசிக்கொண்டே நடக்க முடிகிற நாள் வரட்டும். மூன்று மாதம் ஆகலாம். அப்போதும் அறுநூற்றுச் சொச்சம் படி ஏறுவதாக வேண்டியிருந்தால் முருகனிடம் பேசி அதை விஞ்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டமில்லாத நாளாகப் பார்த்து, காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பையில் ஒரு நாள் மாத்திரை கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.